மாரிக்கு, ஹாரோவிலிருந்து

அன்புள்ள மாரி,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கப் போவதில்லை. உன் சுகத்தைப் பற்றி எனக்கு வேறு வழியில் சேதி வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று செல்லையாவிடம் புலம்பியிருக்கிறாய். அவனிடம் சொன்னால் அது எங்கே நிற்கும்? பந்தைத்தான் யாருக்கும் கொடுக்க மாட்டான், சேதியை உடனே கொடுத்துவிடுவான்.

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். மகளும் மாப்பிள்ளையும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் முகத்தைப் பார்க்க முடிகிறது. குளிர் போதும் போதும் என்கிறது. லீலாவுக்கு டிவியில் நம்மூர் சீரியல் எல்லாம் வந்துவிடுகிறது, அவளுக்கு லண்டனும் ஒன்றுதான், பாளையங்கோட்டையும் ஒன்றுதான். எனக்கு இருக்கிற ஒரே போக்கிடம் பக்கத்து நூலகம். ஹீட்டர் உண்டு, யாரும் எழுப்ப மாட்டார்கள். அங்கேதான் இந்த ஆள் என்னிடம் மாட்டினான், அல்லது நான் அவனிடம் மாட்டினேன்.

கத்பர்ட் ஒட்டவே. கேள்விப்பட்டிருக்கிறாயா? கால்பந்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்பாயே, இங்கிலாந்து அணிக்கு முதல் கேப்டன் யார் என்று கேட்டால் என்ன சொல்லுவாய்? பாபி மூர் என்பாய். அதற்கு முன்னால் என்றால் பில்லி ரைட் என்பாய். அதோடு முழிப்பாய். அந்த முதல் கேப்டன் இந்த ஒட்டவேதான். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால் வெட்கப்படாதே.

1872 நவம்பர் 30. கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில், ஹாமில்டன் கிரசென்ட் என்ற கிரிக்கெட் மைதானம். உலகத்தின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும். மூன்று நாள் மழையில் மைதானம் ஊறிக் கிடக்கிறது, அதற்கு மேல் மூடுபனி, ஆட்டம் இருபது நிமிடம் தாமதம். ஒரு ஷில்லிங் கொடுத்துச் சுமார் 4,000 பேர் வந்து நிற்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பதினோரு பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப் ஆட்கள். கருநீலச் சட்டை, தலையில் சிவப்புக் குல்லாய். இங்கிலாந்துக்காரர்கள் வெள்ளைச் சட்டையும் நீலத் தொப்பியும். தொப்பி போட்டுக்கொண்டு ஹெட்டிங் எப்படி அடித்தார்கள் என்று நீ கேட்பது காதில் விழுகிறது. தலையால் முட்டுவதெல்லாம் அப்போது பெரிதாகக் கிடையாதப்பா. கோல் கம்பத்துக்கு மேலே கட்டை கூட இல்லை, ஒரு நாடாவைக் கட்டியிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் அடித்த பந்து அந்த நாடாமேல் போய் விழுந்து வெளியே போயிற்று.

இப்போது உனக்குப் பிடித்த விஷயம். இங்கிலாந்து நிறுத்தியது எப்படித் தெரியுமா? பின்னால் ஒருத்தர், நடுவில் ஒருத்தர், முன்னால் எட்டுப் பேர்! எட்டு ஃபார்வர்டு! நம் விசில் சார் இருந்திருந்தால் மைதானத்துக்குள்ளேயே இறங்கி அடித்திருப்பார். பந்து கிடைத்தவன் தனியாகவே இழுத்துக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள், தவறினால் எடுப்பதற்கு. செல்லையா நூறு வருஷம் தாமதமாகப் பிறந்துவிட்டான். ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் இன்னொருத்தனுக்குக் கொடுத்து ஆடலாம் என்று கண்டுபிடித்தவர்கள். அன்றைக்கு இரண்டு கூட்டமும் முட்டி மோதி 0-0 என்று முடிந்தது. ஒரு போட்டோகூடக் கிடையாது. படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று ஆட்டக்காரர்கள் உறுதி சொல்லாததால் போட்டோக்காரர் கிளம்பிவிட்டாராம். கஞ்சப் பயல்கள்.

அந்த அணியில் ஷெஃபீல்டிலிருந்து வந்த சார்லஸ் கிளெக் என்று ஒரு வக்கீல். தெற்கத்திப் பெரிய இடத்துப் பிள்ளைகள் தனக்குப் பந்தும் தரவில்லை, தன்னோடு பேசவும் இல்லை என்று அவருக்குக் கடைசிவரை மனக்குறை. அவர்தான் பின்னாளில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கே தலைவர் ஆனார். இதை வைத்து நான் ஒட்டவேயைத் திட்டத்தான் முதலில் நினைத்தேன். ஈட்டனில் படித்த பையன், ஆக்ஸ்ஃபோர்டுப் பையன், இருபத்திரண்டு வயதில் கேப்டன்! அப்புறம் மேலே படிக்கப் படிக்கக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

1850இல் டோவரில் பிறந்தவன். அப்பா அறுவை மருத்துவர், ஒரு சமயம் அந்த ஊர் மேயராகவும் இருந்தவர். ஒரே பிள்ளை. எதைத் தொட்டாலும் வந்தது அவனுக்கு. ஆக்ஸ்ஃபோர்டுக்காகக் கால்பந்து, கிரிக்கெட், ஓட்டம், சுவரில் பந்தடிக்கிற ரேக்கெட்ஸ், பழைய காலத்து ரியல் டென்னிஸ் என்று ஐந்து விளையாட்டில் ஆடியிருக்கிறான். பள்ளியில் படிக்கும்போதே 1869இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டனுக்காக 108 அடித்தான். யாருக்கு எதிராக? நான் இப்போது உட்கார்ந்து இதை எழுதுகிற இந்த ஹாரோவின் பள்ளிக்கு எதிராகத்தான்.

அடுத்த வருஷம் நடந்ததைக் கேள். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் கிரிக்கெட். ஆக்ஸ்ஃபோர்டு ஜெயிக்க 179 வேண்டும். இவன் நின்று 69 எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஆட்டம் கையில் இருக்கிறது. கடைசியில் மூன்று ரன் வேண்டும், மூன்று விக்கெட் இருக்கிறது. கோப்டன் என்கிற பையன் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்றையும் எடுத்துவிட்டான். இரண்டு ரன்னில் தோல்வி. இன்றைக்கும் அதைக் கோப்டன் மேட்ச் என்றுதான் சொல்கிறார்கள். அந்த 69 யாருக்கு ஞாபகம்? மணப்பாட்டில் நீ போட்ட இரண்டு கோலை விட்டுவிட்டு, எல்லோரும் அந்த ஆஃப்சைடை மட்டும் இன்னும் பேசுகிறோம் இல்லையா, அந்தக் கதைதான்.

1872 கோடையில், அன்றைய கிரிக்கெட் ராஜா டபிள்யூ. ஜி. கிரேஸோடு கப்பலேறிக் கனடாவும் அமெரிக்காவும் போய் கிரிக்கெட் ஆடினான். கிரேஸோடு தொடக்க ஆட்டக்காரன்! திரும்பி வந்த கையோடுதான் அந்தப் பார்ட்டிக் ஆட்டம். 1874 மார்ச்சில் ஸ்காட்லாந்தோடு மறுபடியும் கேப்டனாகப் போய் 2-1 என்று தோற்றான். அதே மாதம் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தலைமை தாங்கி, ராயல் இன்ஜினியர்ஸ் ராணுவ அணியை 2-0 என்று அடித்து இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினான். அதே மாதக் கடைசியில் கேம்பிரிட்ஜோடு நடந்த முதல் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டம், அதிலும் ஜெயம். மூன்றும் ஒரே மாதத்தில். அடுத்த வருஷம் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டுப் பாதியில் வெளியே வந்தான். அதோடு வக்கீல் தொழிலைப் பார்க்கப் போய்விட்டான். ஆட்டத்துக்கு ஒரு பைசா கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள். காசு வாங்கி ஆடலாம் என்று இங்கிலாந்தில் ஒத்துக்கொண்டதே 1885இல்தான். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை வேண்டும்; அவன் மாதிரிக் குடும்பங்களில் கால்பந்தை ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். இங்கிலாந்தின் முதல் கேப்டன் என்பதை அவனே பெரிதாக நினைத்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்.

1877 ஆகஸ்டில் கல்யாணம். பெண் மேரியன் ஸ்டின்சன், கனடாவின் ஹாமில்டன் ஊர். கிரிக்கெட் பயணத்தில் போன ஊர்களில் அதுவும் ஒன்று. பெண்ணைக் கட்டி லண்டனுக்குக் கூட்டி வந்துவிட்டான். சில மாதங்களில் அவள் கர்ப்பம். பாடிங்டன் பக்கம் வீடு. வக்கீல் தொழில் சூடு பிடிக்க வேண்டிய நேரம்.

ஒரு ராத்திரி முழுக்க நடனம். வேர்த்து விறுவிறுத்து, அதே உடம்போடு குளிர்காற்றில் வந்திருக்கிறான். சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது. 1878 ஏப்ரல் 2 அன்று போய்விட்டான், மாரி. இருபத்தேழு வயது. மகள் பிறந்தது அவன் போன பிறகுதான்.

அவனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் இந்த நடனத்தில் கொண்டு வந்து முடிக்கிறார்கள், ஏதோ வேடிக்கைக் கதைபோல. எனக்கு அது பிடிக்கவில்லை. நடனமா கொன்றது? நெஞ்சில் கிருமி இறங்கினால் அன்றைக்கு யாரிடமும் மருந்து கிடையாது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கலாம், ஒத்தடம் கொடுக்கலாம், ஜுரம் இறங்குமா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். எக்ஸ்ரே வந்ததே 1895இல். பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928இல், அதிலிருந்து ஊசி நோயாளிக்குக் கிடைக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம். ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கே இதுதான் கதி. வேகமாக ஓடுகிறவனுக்கு நுரையீரல் மட்டும் இரும்பில் செய்ததா என்ன?

சரி, கல்லறையைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒருநாள் கிளம்பினேன். லீலா தலையில் அடித்துக்கொண்டாள். ஹாரோவில் ரயில் ஏறி, வெம்ப்ளி பார்க்கில் மாறினேன். அங்கே இங்கிலாந்து அணி ஆடுகிற வெம்ப்ளி ஸ்டேடியத்தின் அந்தப் பெரிய வளைவு வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் ஸ்டேஷன் தாண்டிக் கில்பர்ன். இறங்கி வில்ஸ்டன் லேனில் நடந்தால் பாடிங்டன் பழைய கல்லறைத் தோட்டம், 1855இல் திறந்தது. ஊர்க்காரர்கள் அதற்குள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், குழந்தை வண்டி தள்ளுகிறார்கள். பெரிய பெரிய மரங்கள், சாய்ந்த சிலுவைகள், பாசி. ஒட்டவேயின் கல்லறை நெடுநாள் சிதைந்து கிடந்ததை, சில கால்பந்துப் பிரியர்கள் விடாமல் முயன்று சரிசெய்திருக்கிறார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். நாயோடு வந்த ஒரு பெரியவர், உறவினரா என்று கேட்டார். இல்லை, கேப்டன் என்றேன். அவர் கடற்படை என்று நினைத்துக்கொண்டார்போல, மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். வெம்ப்ளியும் அந்தக் கல்லறையும் ஒரே நகராட்சிக்குள்தான் இருக்கின்றன. அந்த ஸ்டேடியத்தில் 90,000 பேர் உட்காரலாம்.

இனி உன் விஷயம்.

உன் வீட்டுத் தங்கச்சி, என் லீலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டர்ஃபில் காசு கட்டி, மகன் வயசுப் பையன்களோடு ஆடுகிறாயாம். மழையிலும் விடுவதில்லையாம். நனைந்த பனியனோடு அப்படியே பைக்கில் வீட்டுக்கு. தீபாவளிக்குப் பிடித்த இருமல் இன்னும் போகவில்லை, கேட்டால் சுக்குக் கஷாயம் குடிக்கிறேன் என்கிறாய். இருமும்போது வலது விலாவில் குத்துகிறது என்று நீயே ஒருநாள் வாய் தவறிச் சொன்னாயாம். ஏலே, நமக்கு என்ன வயசு? கிண்டலாக எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. துரை அண்ணனை வேனில் ஏற்றிக்கொண்டு போன ராத்திரி நீயும் நானும்தான் கூட இருந்தோம். வெறும் சளிதான் என்று அவரும் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டுதான் வந்தார். இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்.

எக்ஸ்ரே எடு. நாளைக்கே. செல்லையாவின் மருமகன் நெஞ்சு டாக்டர்தானே, அவனிடம் போ. ஆன்டிபயாடிக் கொடுத்தால் நாலு மாத்திரை விழுங்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று மீதியை டிராயரில் போடுகிற உன் பழைய புத்தி வேண்டாம், முழுசாகச் சாப்பிடு. காசு வாங்க மாட்டான். வாங்கினால் செல்லையாவிடம் நான் வசூல் பண்ணிக்கொள்கிறேன், அந்த மணப்பாட்டு பஸ் காசே இன்னும் பாக்கி இருக்கிறது.

நாங்கள் சித்திரைக் கடைசியில் வருகிறோம். நீ கேட்ட பூட்ஸ் இங்கே ஒரு கடையில் தள்ளுபடியில் கிடக்கிறது. எக்ஸ்ரே ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் கடைப் பக்கம் போவேன். தங்கச்சியிடம் கேட்டுச் சரிபார்ப்பேன், போன வருஷத்து ரிப்போர்ட்டை அனுப்பிவிடாதே. அப்புறம், உன் காலுக்கு எட்டா ஒன்பதா என்று எழுது, இங்கத்திய அளவு வேறு மாதிரி இருக்கிறது.

உன்,
சுந்தரம்