ஈன்ற ஆட்டிடமிருந்து குட்டியைத் தூக்கிப் போகாதீர்கள்

மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர் பக்கம் செம்மறி வளர்க்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். போன மார்கழியில் எங்கள் பட்டியில் ஒரு தலையீத்து ஆடு விடியற்காலை மூன்று மணிக்குக் குட்டி போட்டது. நல்ல பனி. குட்டி விறைத்துவிடுமே என்று வீட்டுக்குள் தூக்கிப்போய், வெந்நீரில் கழுவித் துடைத்து, அடுப்போரம் சாக்கில் படுக்க வைத்தேன். எட்டு மணிக்குத்தான் தாயிடம் கொண்டுபோய் விட்டேன். மோந்து பார்த்தது, தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி சுவரோரம் போய் விழுந்தது. எழுந்து மறுபடி மடியைத் தேடிப் போனது. மறுபடியும் முட்டு. "கெட்ட ஆடு, சந்தைக்கு ஓட்டிவிடு" என்றார்கள். எனக்கும் அப்போது கோபம்தான்.

தப்பு ஆட்டின் மேல் இல்லை, என் மேல்தான். பிறகு படித்துத்தான் இது புரிந்தது.

சினை முழுக்க ஆட்டின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் நிறைந்திருக்கும். ஈனும் சமயம் அது இறங்கி, ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும். அப்புறம் குட்டி பிறப்புவழியை விரித்துக்கொண்டு வரும்போது, அந்த அழுத்தம் நரம்பு வழியாகப் போய் மூளைக்குள் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. மடியில் பாலை இறக்கும் அதே ஆக்சிடோசின்தான். 1987இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், சினையே இல்லாத செம்மறிகளை ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்து, மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவை முன்பின் தெரியாத குட்டிகளிடம் தாய்போல நடந்துகொண்டன.

வாடை விஷயம் இதைவிட முக்கியம். மற்ற நாளில் பனிக்குட நீரின் வாடையே செம்மறிக்கு ஆகாது. ஈன்ற சில மணி நேரம் மட்டும் அதே வாடை அதை இழுக்கும். நக்க நக்க, மோப்பத்துக்கான மூளைப்பகுதியில் நாரட்ரீனலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தன் குட்டியின் வாடை பதிந்துவிடுகிறது. சுமார் இரண்டு மணி நேரம் போதும். அதற்குப் பிறகு வேறு குட்டியை ஒட்டவிடாது. ஈன்றதுமே பிரித்துவிட்டால் அந்தப் பாசம் சில மணி நேரத்தில் வடிந்துபோகும், தலையீத்து ஆட்டுக்கு இன்னும் சீக்கிரம். அந்த நேரத்தையும் வாடையையும் நான் ஒரே இரவில் கெடுத்தேன்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். பனியோ மழையோ, தாயையும் குட்டியையும் சேர்த்தே மறைவுக்குக் கொண்டுபோங்கள். மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைத் தாய் நக்கட்டும். சீம்பாலும் அப்போதே குட்டிக்குக் கிடைக்கும். தாயில்லாக் குட்டி இருந்தால், அப்போதுதான் ஈன்ற வேறு ஆட்டின் பனிக்குட நீரை அதன் மேல் பூசி அந்த ஆட்டிடமே விட்டுப் பாருங்கள். பல சமயம் சேர்த்துக்கொள்ளும். நம் மேச்சேரி இனத்துக்கென்றே பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

அந்தக் குட்டி புட்டிப்பாலில் தேறியது, வயசுக்கேற்ற எடைதான் இல்லை. தாயை நான் விற்கவில்லை. மறுபடி சினையாக இருக்கிறது, தையில் ஈனும். பட்டி மூலையில் காற்றுப் படாமல் தென்னந்தடுக்கு கட்டி வைத்திருக்கிறேன்.

உங்களில் ஒருவன்