ஜன்னலை மாற்றும் முன் இடைவெளியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஜன்னல்களை மாற்றினாலே பழைய வீடு புது வீடாகிவிடும் என்றது. அதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டுரை முழுக்கக் கண்ணாடியின் சாயல், சட்டத்தின் நிறம், கைப்பிடியின் அழகு என்றே போய்விட்டது. புது ஜன்னல் வைத்த வீட்டில் முதல் மழைக்கே சுவர் ஊறினால், அநேகமாக ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளிதான் காரணமாக இருக்கும். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. ஜன்னல் பொருத்துவதைத் தொழிலாகச் செய்பவர்கள் என்ற முறையில், விட்டுப்போனதை எழுதுகிறோம்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா? மரச் சட்டம் எப்போதும் அடியிலிருந்துதான் கெடும், தண்ணீர் தங்குவது அங்கேதானே. ஸ்க்ரூடிரைவர் நுனியால் கீழ்க்கட்டையையும் இரு பக்கக் கால்களின் அடிப்பகுதியையும் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக இறங்குவது கடைசி ஒரு சாண் அளவுக்குள் நின்றுவிட்டால், அதை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்து அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடலாம். இரட்டைக் கண்ணாடியின் உட்புறம், அதாவது இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே, துடைக்க முடியாத புகைமூட்டம் தெரிந்தால் அந்தக் கண்ணாடித் தொகுப்பின் ஓரச் சீல் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும், சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. அறைப் பக்கக் கண்ணாடியில் நீர் பூத்தால் அது அறையின் ஈரப்பதம். ஜன்னலின் குறை என்று சொல்ல முடியாது. ஏ.சி. ஓடாத அறையில், இரட்டைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் விடியற்காலையில் நீர் பூத்தால் கவலையே வேண்டாம், உள்வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மாற்றுவது என்று முடிவானால், வெளிச்சம் கூட்ட வேண்டும் என்பதற்காக ஜன்னலை அகலமாக்கச் சொல்வார்கள். அதுதான் இருப்பதிலேயே செலவும் ஆபத்தும் கூடிய வழி. அகலம் கூடினால் மேலே உள்ள லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரின் சுமையைத் தாங்கும் உத்தரம், போதாது. சுவரை முட்டுக்கொடுத்துத் தாங்கி, இரு பக்கமும் குறைந்தது 150 மி.மீ. சுவரில் அமரும்படி புது லிண்டல் வைக்க வேண்டும். சில பழைய சுவர்களில் லிண்டலே இருக்காது. மர நிலைதான் சுமையை வாங்கிக்கொண்டிருக்கும். அங்கே நிலையை உருவினால் மேல்கட்டு விரிசல் விடும். அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு கீழ்ச்சுவரை மட்டும் இறக்கினால் லிண்டலுக்கு வேலை இல்லை. ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கீழே இறக்கினால் உட்கார்ந்த உயரத்தில் காற்றும் வெளிக்காட்சியும் கிடைக்குமே தவிர, அறையின் கோடிக்கு வெளிச்சம் அதிகம் போகாது. ஆழத்துக்கு ஒளியைக் கொண்டுபோவது ஜன்னலின் மேல்விளிம்பு. அது தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக எட்டும். மேல்விளிம்பு 2.1 மீட்டர் என்றால் மூன்றிலிருந்து நான்கு மீட்டர். தடித்த சுவராக இருந்தால், உட்பக்க ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கி வெள்ளை அடிப்பது லிண்டலைத் தொடாமலே வெளிச்சத்தைக் கூட்டும். இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

இனி அளவு. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் மிகச் சிறியதுதான் கணக்கு. பிறகு இரண்டு மூலைவிட்டங்கள். இரண்டுக்கும் 5, 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் திறப்பு கோணல் என்று பொருள். கோணலை ஜன்னலில் சரிக்கட்ட முடியாது, கொத்தனார்தான் சரிசெய்ய வேண்டும். அளவெடுப்பது பூச்சு மேலா, செங்கல் மேலா என்பதை எழுதி வையுங்கள். ஒருவர் பூச்சு அளவில் கொடுத்து, இன்னொருவர் பூச்சை உடைத்துவிட்டுப் பொருத்தும்போதுதான் நாலு பக்கமும் பெரிய ஓட்டை விழுகிறது. புதிதாகத் தரை போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள். பழைய தரைமேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினால் தரை 40, 50 மி.மீ. உயரும், ஜன்னலின் அடிவிளிம்பு அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். அது 800 மி.மீ.க்குக் கீழே போனால் குழந்தைகள் ஏறுவதற்குத் தோதான உயரமாகிவிடும். தடுப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் தேவைப்படும்.

எடுத்த அளவுக்கே ஜன்னல் செய்யச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. விட வேண்டும், ஒன்றரை மீட்டரைத் தாண்டும் யு.பி.வி.சி. (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னலுக்கு 7 முதல் 10 மி.மீ. காரணம் வெப்பம். யு.பி.வி.சி. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.07 மி.மீ. நீளும். 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் 4 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். அதே கணக்கில் அலுமினியம் ஒன்றரை மி.மீ.கூட வராது. அடர்நிறச் சட்டம் வெயிலில் இன்னும் கூடுதலாகச் சூடேறும். இடைவெளி விடாமல் இறுக்கி, சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டால், நடுப்பகலில் சட்டம் உள்ளே வளையும், ஜன்னல் கதவு மாட்டிக்கொள்ளும், மாலையில் தானாகத் திறக்கும். கீல் கெட்டுவிட்டது என்று கீலை மாற்றுவார்கள். இடைவெளி 15, 20 மி.மீ.க்கு மேல் இருந்தாலும் தப்புதான். முதலில் சுவர் ஓரத்தைக் கலவையால் கட்டிச் சிறிதாக்கிக்கொண்டுதான் ஜன்னலை நிறுத்த வேண்டும்.

பழைய நிலையை எடுக்கும்போது சுத்தியலால் வெளிப்பக்கம் தள்ளாதீர்கள். முதலில் பூச்சுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் கத்தியால் கீறி, கீழ்க்கட்டையை நடுவில் அறுத்து, துண்டுதுண்டாக உள்பக்கம் நெம்பி எடுங்கள். நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் என்ற இரும்புப் பட்டை சுவருக்குள் இருந்தால் அதைப் பிடுங்குவதைவிட அறுத்து விடுவது நல்லது, பிடுங்கினால் பாதிச் செங்கல் கூடவே வரும். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பொருத்துவதில் பாதி வித்தை, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் கட்டைகளில் இருக்கிறது. சட்டத்தின் எடை பிளாஸ்டிக் கட்டைகள்மேல் உட்கார வேண்டும்: கீழ் மூலைகள் இரண்டிலும், சட்டத்தைப் பிரிக்கும் நடுக்கால் இருந்தால் அதற்கு நேர் கீழேயும். மரத்துண்டு வைக்காதீர்கள், ஊறிச் சுருங்கும். ரசமட்டத்தைக் கீழ்ச்சட்டத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. இரு பக்கக் கால்களையும் முன்பார்வையிலும் பக்கவாட்டிலும் தூக்குக்குண்டால் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ மூலையிலிருந்து 150 முதல் 200 மி.மீ. தள்ளி ஒன்று, பிறகு 600 மி.மீ.க்கு மிகாமல் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பக்கத்தில் ஒரு கட்டை இருந்தாக வேண்டும். கட்டை இல்லாத இடத்தில் ஸ்க்ரூவை முடுக்கினால் சட்டம் சுவரை நோக்கி இழுபட்டு வில்லாக வளையும். பொருத்தி முடித்ததும் மூலைவிட்டங்களை மறுபடி அளந்தால் இது தெரிந்துவிடும். கீழ்ச்சட்டத்தில் மேலிருந்து துளைபோடுவதைத் தவிர்க்க வேண்டும். அதன் உள்ளே தண்ணீர் ஓடுகிற அறை இருக்கிறது. அங்கே துளை விழுந்தால் மழைத்தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். கடற்கரைக்குப் பக்கத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ கூடாது, துருப்பிடிக்காத எஃகுதான்.

அடுத்து ஃபோம். இடைவெளியில் அடித்ததும் விரிந்து இறுகும் நுரையான பி.யு. ஃபோம் குளிர், சத்தம், காற்று ஆகியவற்றைத் தடுக்கத்தான். மழைக்கு அதை நம்பக் கூடாது, வெயில் பட்டாலும் பொடியாகும். குறைவாக விரியும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள், அதிகம் விரிகிற ரகம் சட்டத்தையே உள்ளே தள்ளும். இடைவெளியில் பாதி அளவுக்குள் நிரப்பினால் மீதியை அதுவே விரிந்து நிரப்பிக்கொள்ளும். அடிப்பதற்கு முன் சுவர் ஓரத்தில் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரம் இருந்தால்தான் சீராக இறுகும்.

மழையைத் தடுப்பது வெளிப்பக்கச் சீலன்ட், அதாவது குழாயிலிருந்து பிதுக்கி இடைவெளியை மூடும் ரப்பர் போன்ற பசை. சிமென்ட் பூச்சின் மேல் வினிகர்போல் புளித்த வாசனை வரும் மலிவான சிலிக்கோனை அடிக்கக் கூடாது. அந்த அமிலம் சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து, ஒட்டின இடம் சீக்கிரமே உரிந்துவிடும். அமிலம் வெளிவிடாத ரகத்தில் 'நியூட்ரல் க்யூர்' என்று குழாயில் எழுதியிருக்கும், அதை வாங்குங்கள். மேலே பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சிலிக்கோனே வேண்டாம், பெயின்ட் ஒட்டாது, பெயின்ட் ஒட்டக்கூடிய எம்.எஸ். பாலிமர் ரகச் சீலன்ட் நல்லது. சீலன்டை ஆழமாகத் திணித்தால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால்தான் ரப்பர்போல் இழுபட்டுச் சுருங்கும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் நடுவே கிழியும். அதற்காகத்தான் பேக்கர் ராடு எனப்படும் நுரைக்கயிற்றை முதலில் இடைவெளியில் செருகுகிறோம். 8 மி.மீ. இடைவெளிக்கு 10 மி.மீ. கயிறு. சீலன்டின் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும், ஆனால் 5, 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தூசி தட்டாத, ஈரமான பூச்சின்மேல் எந்தச் சீலன்டும் நிற்காது.

சில் எனப்படும் அடித்திட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில். சுவரைவிட 30, 40 மி.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். அந்த நீட்டலின் அடிப்பக்கத்தில் ஒரு காடி வெட்ட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அடிவழியே ஊர்ந்து சுவருக்குத் திரும்பிவிடும். பளபளப்பான கல்லை வாங்கிப் போட்டு, காடி வெட்ட மறந்த வீடுகளை வெளியிலிருந்தே அடையாளம் காணலாம்: ஜன்னலுக்குக் கீழே மீசைபோல இரண்டு கறை.

சட்டத்தின் வெளிப்பக்க அடியில் சிறு வெட்டுகள் தெரியும். அவை தண்ணீர் வடியும் துளைகள். பூச்சுக்காரர் கலவையாலும், பெயின்டர் பட்டியாலும், கடைசியாக நல்லெண்ணத்தோடு ஒருவர் சிலிக்கோனாலும் அவற்றை அடைப்பார்கள். ஸ்லைடிங் ஜன்னலில் தண்டவாளம் நிரம்பி உள்ளே வழிவது பெரும்பாலும் இதனால்தான்.

கண்ணாடி பற்றிக் கட்டுரை நிறையச் சொன்னது. இரண்டு திருத்தம் மட்டும். இரட்டைக் கண்ணாடியில் இடைவெளி கூடக்கூட நல்லது என்பது சரியல்ல. 12 முதல் 16 மி.மீ. வரைதான் பலன். அதற்குமேல் உள்ளே காற்று சுழன்று வெப்பத்தைக் கடத்தும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய 'லோ-ஈ' பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். வெளியிலிருந்து எண்ணினால் வெப்பப் பகுதிக்கு இரண்டாம் முகம், குளிர்ப் பகுதிக்கு மூன்றாம் முகம். லைட்டரைக் கொளுத்திக் கண்ணாடிமுன் காட்டினால் நான்கு சுடர் பிரதிபலிக்கும், நிறம் மாறித் தெரிகிற சுடர்தான் பூச்சுள்ள முகம். திருப்பிப் பொருத்திவிட்டார்களா என்று இப்படித்தான் பார்ப்பது. தெருச் சத்தம்தான் தொல்லை என்றால் 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடி) நல்ல தேர்வு. ஆனால் ஸ்லைடிங் சட்டத்தில் பிரஷ் சீல் வழியே சத்தம் நுழைந்துகொண்டே இருக்கும். கேஸ்கெட் எனப்படும் ரப்பர் பட்டை அழுத்தி மூடும் கீல் ஜன்னல் வேண்டும். இரண்டு கதவு ஸ்லைடிங் எப்போதும் பாதிதான் திறக்கும் என்பதையும் காற்றுக்காக ஜன்னல் மாற்றுகிறவர்கள் நினைவில் கொள்ளட்டும். கீல் ஜன்னலில் கதவு சில மாதத்தில் தொங்கினால், கண்ணாடிக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே வைக்கும் கட்டை தப்பு. கீல் பக்கக் கீழ் மூலையிலும், குறுக்கே எதிரே பூட்டுப் பக்க மேல் மூலையிலும் கட்டை இருந்தால்தான் எடை கீலுக்குப் போய்ச் சேரும்.

காற்றே புகாத புது ஜன்னலால் வருகிற ஒரு ஆபத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பழைய ஜன்னலின் இடுக்குகள்தான் பல வீடுகளில் காற்றோட்டமாக இருந்திருக்கும். அவை அடைபட்டதும் மூலைகளில் பூஞ்சை வரும். குளியலறையில் காஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் விஷயம் பூஞ்சையோடு நிற்காது: ஆக்ஸிஜன் குறைந்தால் வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகும், அது உயிரைப் பறிக்கும். அங்கே மூட முடியாத காற்றுத்துளை இருந்தே தீர வேண்டும். படுக்கையறையில் ஒரு ஜன்னலாவது, தீ விபத்தில் ஆள் வெளியேறும்படி, தடையில்லாமல் 450 மி.மீ. அகலமாவது திறக்க வேண்டும். கம்பி போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்கிற கம்பியாக இருக்கட்டும்.

வேலை வரிசை: இடிப்பு, ஜன்னல், பிறகு பூச்சு, தரை, பெயின்ட். சட்டத்தின் பாதுகாப்பு டேப் பூச்சு முடியும்வரை இருக்கலாம், அதற்குமேல் வெயிலில் விட்டால் பசை ஊறி உரிக்க வராது. அலுமினியத்தில் ஈரச் சிமென்ட் தெறித்தால் உடனே கழுவுங்கள், காய்ந்தால் கறை போகாது. டைல்ஸ் கழுவும் ஆசிட் அந்தப் பக்கமே வரக் கூடாது.

உள்பூச்சுக்கு முன் ஒரு நாள் ஒதுக்கித் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். சாதாரணத் தோட்டக் குழாய் போதும், அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டாம். கீழிருந்து தொடங்க வேண்டும்: சில்மேல் பத்து நிமிடம், பிறகு இரு பக்கம், கடைசியில் மேல்பக்கம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. சில்மேல் ஊற்றும்போதே கசிந்தால் கீழ்ச்சட்டமும் சில்லும் சேரும் இடம். பக்கத்தில் கசிந்தால் சீலன்ட். மேலே ஊற்றும்போது மட்டும் கசிந்தால், ஜன்னல்காரரைக் கூப்பிடும் முன் சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஜன்னல் பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்