எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஊக்கு, கொலுசு, அரைஞாண் வரை கழற்றச் சொல்லிவிட்டு, பதிவு மேசையில் கேட்ட கேள்விகளையே அறை வாசலிலும் கேட்கிறோமே என்று பலர் வருந்துகிறீர்கள். அதற்கு எழுத்தில் விளக்கம் தருவது எங்கள் கடமை.

எங்கள் கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் குளிர்ந்திருக்கும் மீக்கடத்திச் சுருளில் (மின்தடையே இல்லாத கம்பிச் சுருளில்) மின்னோட்டம் ஓய்வின்றிச் சுற்றுவதால், படம் எடுக்காத வேளையிலும், இரவில் விளக்கணைத்துப் பூட்டிய பிறகும் அந்தக் காந்தம் அடங்குவதில்லை. "மிஷின்தான் ஓடவில்லையே" என்று உறவினர்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர முயல்வதற்கே நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் சிலிண்டருடன் அறைக்குள் சென்றவரைக் காந்தம் சிலிண்டரோடு இழுத்துக்கொண்டதில் அவர் உயிரிழந்தார். அவர் நோயாளி அல்லர். உறவினருக்கு உதவ வந்தவர்.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மையே. ஆனால் படம் எடுக்கும்போது செலுத்தப்படும் ரேடியோ அலைகள் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அது தொடும் தோலைச் சுட்டுவிடலாம். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்கள், மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு வரலாம், அதற்குத் தடையில்லை. தாயத்தை அவசியம் கழற்றுங்கள். உள்ளிருக்கும் தகடு எந்த உலோகம் என்று அணிந்தவருக்கே பெரும்பாலும் தெரியாது.

லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்த்தவர்கள், எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும், கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் வலியின்றித் தங்கிவிட்ட சிறு துகளும் காந்தப்புலத்தில் நகர்ந்து பார்வையைக் கெடுக்கலாம் என்பதால், ஐயமிருந்தால் முதலில் கண் பகுதிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. சிலருக்கு உள்ளே செல்லும்போது லேசான தலைசுற்றல் வரலாம். காந்தப்புலம் விரைந்து மாறும்போது தசை சற்றுத் துடிக்கலாம். இவை விரைவில் நீங்கும். உடலில் எங்கேனும் சூடு உறைத்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளாமல், எங்களை அழைப்பதற்காகக் கையில் தரும் ரப்பர் பந்தை உடனே அழுத்துங்கள்.

பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி), காக்ளியர் கருவி (காது கேட்க உள்ளே பொருத்துவது), மூளை இரத்தக் குழாயில் கிளிப் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பவர்கள், அதற்கான அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் நாள் குறிக்கும்போதே காட்டுங்கள். கருவியின் மாடல் தெரியாமல் உங்களை உள்ளே அனுமதிக்க எங்களால் இயலாது.

இப்படிக்கு,
ஸ்கேன் மைய நிர்வாகத்தினர்