டேஷ்போர்டைக் கழற்றும் முறையைக் கையேட்டில் அச்சிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் சிறிய காரில், ஏசி குமிழ்களுக்குப் பின்னால் எரியும் விளக்கு சில மாதங்களுக்கு முன் அணைந்துபோனது. இரவில் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் இருட்டில் தடவிப் பார்க்க வேண்டிய நிலை. சர்வீஸ் நிலையத்தில் காட்டியபோது, பல்பை மட்டும் மாற்றித் தருவதில்லை, கண்ட்ரோல் பேனலையே முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, கூலியும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே எரிவது 1.2 வாட் சிறு பல்பு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அது முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. ரேடியோவையும் பேனலையும் நானே கழற்றி மாற்றிக்கொண்டேன். அப்போது நான் செய்த ஒரு பிழையும், அந்தப் பிழைக்குக் காரணமான ஒரு குறையும்தான் இக்கடிதத்தை எழுத வைத்தன.

வண்டியோடு வந்த கையேட்டில் ஸ்டெப்னி மாற்றுவதும், ஃபியூஸ் மாற்றுவதும், ஹெட்லைட் பல்பு மாற்றுவதும் படத்தோடு விளக்கப்பட்டுள்ளன. ரேடியோவுக்கும் ஏசி பேனலுக்கும் மட்டும் "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தை அணுகவும்" என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். பாதுகாப்புக்காக அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வாதிடலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், அதன்பின் 2021 ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாக முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்ட நிலையில், டேஷ்போர்டுக்குள் கை வைப்பது பழைய காலத்து வேலையைப் போன்றதல்ல. ஆனால், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும், ஏர்பேக் சுற்றில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை காத்திருக்க வேண்டும், ஏர்பேக் ஒயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளரைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் சொல்லாமல் மறைத்தால் மட்டும் யாரும் கழற்றாமல் இருந்துவிடப் போவதில்லை. காத்திருக்க வேண்டிய நேரம்கூட எல்லாக் கார்களுக்கும் ஒன்றல்ல. சில தயாரிப்புகளில் 90 நொடி, சிலவற்றில் 3 நிமிடம். அந்த ஓர் எண்ணை அச்சிடுவதில் என்ன நட்டம் வந்துவிடும்?

வேலையைப் பொறுத்தவரை, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிந்த மாதிரிதான். ரேடியோவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் திருகாணியால் அல்ல, கிளிப்புகளால் நிற்கிறது. அதை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் தழும்பு நிரந்தரமாகிவிடும். துணி சுற்றிய மழுங்கிய பிளாஸ்டிக் பட்டையே போதும். ஆண்டுக்கணக்கில் வெயில் குடித்த பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும் என்பதால், ஒரு மூலையில் வலுவாக இழுக்காமல், சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சட்டம் முன்னால் வந்ததும் அவசர விளக்கு ஸ்விட்சின் கப்ளர் இழுபடும். அதன் பூட்டை அழுத்திப் பிரித்த பிறகே சட்டத்தைத் தனியே எடுக்க முடியும். கியர் தண்டின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டுவைத்தால் ரேடியோவில் கீறல் விழாது. ஆட்டோமேட்டிக் கியர் உள்ளவர்கள், ஹேண்ட்பிரேக் போட்டு, தண்டைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பேட்டரியைக் கழற்ற வேண்டும். மின்சாரம் போய்விட்டால் பல கார்களில் தண்டு பூட்டிக்கொண்டு அசையாது.

பழைய கார்களில் ரேடியோவின் அளவு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 அல்லது 100 மில்லிமீட்டர். பக்கவாட்டுத் திருகாணிகளைக் கழற்றியதும் பெட்டி நேராக வெளியே வரும். ஏரியல் ஒயரை மட்டும் ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். சில நிறுவனங்களின் ரேடியோக்கள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் திருட்டுத் தடுப்புக் குறியெண் கேட்கும். பழைய கார் வாங்குபவர்கள் ஆர்சி புத்தகத்தோடு அந்தக் குறியெண் அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நான் பிழை செய்தது ஏசி பேனலில். குமிழ்களால் இயங்கும் சாதாரண ஏசியில், பேனலின் பின்புறத்திலிருந்து மெல்லிய இரும்புக் கேபிள்கள் டேஷ்போர்டுக்குள் போகின்றன. ஒன்று காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்பதை மாற்றும். மற்றொன்று வெந்நீர் ஓடும் ஹீட்டருக்கும் குளிர்ந்த காற்றுக்கும் நடுவே சிறு கதவு போல உள்ள மடலை நகர்த்தும். பல கார்களில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக ஹீட்டருக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூடு நம்மிடம் வராமல் தடுப்பது இந்த மடல் ஒன்றுதான். கேபிளின் மேலுறை எந்த இடத்தில் கிளிப்பில் பிடித்திருந்தது என்று பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் தொல்லை இருந்திருக்காது. நான் போடவில்லை. திருப்பிப் பூட்டியபோது கேபிள் அரை அங்குலம் தள்ளி நின்றது; குமிழை முழுக் குளிரில் வைத்தும் மடல் முழுதாக மூடாமல், அனல் கலந்த காற்றே வந்தது.

ஏசியில் கேஸ் குறைந்துவிட்டது என்று எண்ணி நிரப்பிக்கொள்ளக் கிளம்பியிருப்பேன். தெரு முனையில் கடை வைத்திருக்கும் கார் எலக்ட்ரீஷியன் தம்பி தடுத்தார். குமிழை முழுக் குளிர்ப் பக்கம் திருப்பி, மடலின் கைப்பிடியை விரலால் முழுதாக மூடும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதே நிலையில் கேபிள் உறையைக் கிளிப்பில் அழுத்தினார். ஐந்து நிமிட வேலை. இதே குறைக்காக எத்தனை பேர் கேஸுக்குப் பணம் கட்டினார்களோ என்று அன்றிலிருந்து எனக்கு ஓர் ஐயம். டிஜிட்டல் ஏசி உள்ள கார்களில் கேபிளுக்குப் பதிலாகச் சிறு மோட்டார்கள் உள்ளன. அவற்றை அசைக்காமல் கப்ளர்களைக் கழற்றினாலே போதும். ஆனால் கப்ளர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. பயணி ஏர்பேக்கின் எச்சரிக்கை விளக்கு அதே பேனலில் இருந்தால், கோளாறு பதிவாகி ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டிவரும்.

புதிய ஸ்டீரியோ பொருத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றும் பழக்கம் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. அந்த மாடலுக்கான கப்ளர் கிட் கேட்டு வாங்கினால் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம்; தீ அபாயமும் இல்லை, வாரண்டிச் சண்டையும் இல்லை.

உதிரிப் பாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே அடக்கி வைத்ததற்காக 14 கார் நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் அபராதம் விதித்தது. அவற்றை வெளிச்சந்தைக்கும் தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தையும் தொடங்கியது. அதில் கார்களும் அடங்கும். இவ்வளவு நடந்தும், கேபிளில் எந்த இடத்தில் கோடு போட வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் தெருமுனைத் தம்பிதான்.

ஆகவே, ரேடியோவையும் ஏசி பேனலையும் கழற்றும் வரிசை, கிளிப்புகளும் திருகாணிகளும் இருக்கும் இடம், ஏர்பேக்குக்காகக் காத்திருக்க வேண்டிய நேரம், கேபிளைத் திரும்ப அமைக்கும் முறை ஆகியவற்றைப் படத்தோடு, தமிழிலும், உரிமையாளர் கையேட்டில் சேர்க்குமாறு கார் நிறுவனங்களை நுகர்வோர் துறை பணிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.