ஆறுமணிக்குருவி வந்த திகதி

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியாவில் இனப்பெருக்கம் செய்துவிட்டு ஒக்டோபர் வாக்கில் இலங்கைக்கு வந்து ஏப்ரல் வரை தங்கும் ஆறுமணிக்குருவி, வெள்ளவத்தையில் எங்கள் மதிலோரச் சருகைக் கிளறியபடி குட்டை வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றதைக் கண்டும், நான் திகதியைக் குறித்துவைக்கத் தவறிவிட்டேன்.

இ-பேர்ட் போன்ற பறவைப் பதிவு இணையத்தளங்களில் தன்னார்வலர்கள் கண்ட பறவைகளை மட்டுமன்றி, எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதையும் பதிகிறார்கள். வெறுமனே திரும்பிய காலைகளும் கணக்கில் இருந்தால்தான், பறவை பிந்தி வந்ததா அல்லது பார்க்க ஆளில்லையா என்பது விளங்கும்.

ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பின் தமிழ் மாணவர்களும் இதில் ஈடுபட, வலசைக் காலத்திலாவது வாரந்தோறும் ஒரு சிறு பத்தியை, பறவைகளின் தமிழ்ப் பெயர்களுடன், தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். தொலைநோக்கிகூட அவசியமில்லை, இக்குருவியின் குரல் அதிகாலையிலும் அந்தியிலும் தானாகவே காதில் விழும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06