பூட்டுத்திரையில் அசையாத படம்

அன்புள்ள தம்பி,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறோம்.

நீ கொடுத்துவிட்டுப் போன ஐபோனில், பூட்டுத்திரைக்கென்று நீ வைத்துத் தந்த பாப்பாவின் பனிப் படம் அசையாமல் நின்றுவிட்டது. திரை விழித்ததும் அவள் இரு கைகளாலும் பனியை அள்ளி வீசுவாள். வலது ஓரத்திலிருந்து சிவப்புக் கம்பளி உறை அணிந்த கை ஒன்று நீண்டு வந்து, அவளுடைய குல்லாயைக் காது மறைய இழுத்துவிடும். இப்போது பாப்பா மட்டும் நிற்கிறாள். அந்தக் கை வருவதில்லை.

முன்பெல்லாம் இதுபோன்ற சிக்கலுக்கு நீ அங்கிருந்தே வழி சொல்லிவிடுவாய். உனக்கு வேலை அதிகம் என்று அம்மா தடுத்ததால், கடைத்தெருவில் உள்ள கைபேசிக் கடையில் காட்டினேன். கடைக்காரர் வேறு போன் வாங்கச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில், லைவ் போட்டோ என்னும் அசையும் படத்தைப் பூட்டுத்திரையில் வைக்கும் வசதி 2022-இல் வந்த 16-ஆம் பதிப்பில் இல்லாமல் போய், 2023-இல் ஐஓஎஸ் 17-இல் மீண்டும் வந்தது என்று அறிந்து முதலில் அதைச் சரிபார்த்தேன். பதிப்பு புதியதுதான்.

காரணம் லோ பவர் மோட், அதாவது சார்ஜை மிச்சப்படுத்தும் முறை. அது போடப்பட்டிருக்கும்வரை பேட்டரிக் குறி மஞ்சளாக இருக்கும், படமும் அசையாது. இரவில் மின்சாரம் போனால், நீ அழைக்கும் நேரத்தில் போன் அணைந்துவிடக் கூடாது என்று அதை எப்போதும் போட்டே வைத்திருந்தேன். சார்ஜ் 80 சதவீதம் ஏறியதும் அது தானாக விலகும், நான் மறுபடியும் போட்டுவிடுவேன். அதை நீக்கிய பிறகும் அசையாததால், பூட்டுத்திரையை அழுத்திப் பிடித்து, கஸ்டமைஸ் பகுதிக்குள் சென்று, கீழே இடப்பக்கம் கோடு விழுந்திருந்த லைவ் குறியைத் தொட்டேன். படம் ஓடியது. அந்தக் கை வந்ததும் அம்மா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

நீ கற்றுக்கொடுத்த முறையில்தான் தேடினேன். அந்தப் பொறுமை உன்னிடமிருந்து வந்தது. ஆனால் பொங்கலுக்குப் பிறகு நீ அனுப்பிய படங்களில் ஒன்றைக்கூட இப்படி வைக்க முடியவில்லை. எல்லாம் வெறும் நிழற்படங்கள்; எல்லாவற்றிலும் பாப்பா மட்டும், அல்லது நீயும் பாப்பாவும்.

ஆகையால் கேமராவில் லைவ் குறி போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் எடு. நீ பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை ஒன்றரை நொடி அதில் பதிவாகும் என்பதால், சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே வருவதற்கும் நேரம் இருக்கும். மருமகளும் நிற்கட்டும். ஐபோனிலேயே உள்ள ஐமெசேஜ் வழியாக அனுப்பு, அசைவு கெடாமல் வரும். அவள் நிற்க முடியாத நிலை என்றால் அதையும் எழுது. காரணம் கேட்டு உன்னை வருத்த மாட்டோம், அவளையும் ஒரு சொல் குறை சொல்ல மாட்டோம்.

உன் போனிலும் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. இரவில் சார்ஜ் போட மறந்துவிடாதே. லோ பவர் மோடை நான் இனிப் போடப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பவர் பேங்க் வாங்கிவிட்டேன், எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா