பாங்காக்கில் இருக்கும் பாப்பாவுக்கு

பாப்பா,

அப்பாதான். போனில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் "சரிப்பா, மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி. நீ அங்கே மோதிரம் வாங்கி ஏமாந்த விஷயத்தை அம்மா சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள், நாலாம் நாள் ரசத்தில் உப்பே இல்லை, என்ன ஆச்சு உனக்கு என்று நான்தான் கேட்டேன்.

18,000 பாத்தாம். நம் காசுக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டும். போனது போகட்டும், பணத்தைப் பற்றி உன்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் "என்னைப் பார்த்தாலே ஏமாளின்னு எழுதி ஒட்டியிருக்கும்போல" என்று அம்மாவிடம் அழுதாயாமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா என்னிடம் சொன்னது "அரண்மனை பக்கத்துல ஏதோ கடையாம்" என்பது மட்டும்தான். மிச்சத்தை நான் சொல்கிறேன், சரியா என்று நீயே பார்த்துக்கொள். அரண்மனை மதில் ஓரமாக நடந்து போயிருப்பாய். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை, நல்ல இங்கிலீஷ், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஆள் ஒருவர் எதிரே வந்து எந்த ஊர் என்று கேட்டிருப்பார். இந்தியா என்றதும் ஷாருக் கான் என்றிருப்பார். அப்புறம், அடடா, இன்றைக்கு உள்ளே பூஜை நடக்கிறது, வெளிநாட்டுக்காரர்களை மதியம் ஒரு மணிக்கு மேல்தான் விடுவார்கள், அதுவரைக்கும் சும்மா நிற்பானேன், நின்ற கோலத்தில் ஒரு பெரிய புத்தர் இருக்கிறார், பார்த்துவிட்டு வாங்களேன் என்று மேப்பில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டியிருப்பார். அந்த ஊர் ஆட்டோ, துக்-துக், அதில் ஒன்றையும் அவரே கைதட்டி நிறுத்தியிருப்பார். ஒரு மணி நேரம் சுற்ற 20 பாத், இல்லை மிஞ்சிப் போனால் 40.

இதில் முதல் ஆள் பெரிய ஆள் இல்லை. இரண்டாவது ஆள்தான் கெட்டிக்காரன். ஆளில்லாத அந்தக் கோயிலில் நீ தனியாக உட்கார்ந்திருக்கும்போது சம்பந்தமே இல்லாத மாதிரி இன்னொருவன் வந்திருப்பான். தன் கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கினேன், அரசாங்கமே வரியில்லாமல் கல் விற்கிறது, இன்றைக்குத்தான் கடைசி நாள், உங்கள் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்று பேச்சோடு பேச்சாக விட்டிருப்பான். ஒரே ஆள் சொன்னால் நமக்குச் சந்தேகம் வரும். ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் ஒன்றையே சொன்னால்? துக்-துக் கடை வாசலில் நின்றபோது நீ பாதி வாங்கி முடித்தாயிற்று.

அந்த அரண்மனை கிட்டத்தட்ட எல்லா நாளும் காலை எட்டரைக்கே திறந்து மாலை மூன்றரை வரை டிக்கெட் கொடுக்கிற இடம். நாம் போனபோது வாசலில் போர்டே பார்த்தோமே, வழியில் வருகிற அந்நியர்களை நம்பாதீர்கள் என்று. போர்டு வைக்கிற அளவுக்குப் பழைய வித்தை, ஆனாலும் தினமும் நடக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன்னை வளர்த்த காசில் கொஞ்சம் இப்படி வந்ததுதான், அதனால் தெரியும். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷம் ஆட்டோ ஓட்டினேன் என்று உனக்குத் தெரியும், எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஐந்து ரதத்துக்குப் போகணும் என்று ஏறுகிற வெள்ளைக்காரரிடம் பாதி வாடகைக்கு வருகிறேன் என்பேன். வழியில் சிற்பக் கடை. பார்த்தால் போதும், வாங்க வேண்டியதில்லை என்பேன். வாங்கினால் விலையில் கால் பங்கு எனக்கு. வாங்காவிட்டாலும், உள்ளே பத்து நிமிஷம் இருந்தால் டீசல் காசு. உன் துக்-துக்காரன் 20 பாத்துக்கு ஒரு மணி நேரம் சுற்றுகிறான் என்றால் அவனுக்கும் கடைக்காரன் எரிபொருள் கூப்பன் தருகிறான் என்று அர்த்தம். சவாரி மலிவாக இருந்தால் மிச்சப் பணத்தை வேறு யாரோ கட்டுகிறான். யார் எதற்காகக் கட்டுகிறான் என்று அந்த இடத்திலேயே கேட்டுக்கொள்.

ஆள் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒருநாளும் ஏமாளியைத் தேடியதில்லை பாப்பா. முட்டாளிடம் காசு இருக்கும் என்று என்ன நிச்சயம்? அதோடு அவன் கடையில் போய் எக்குத்தப்பாக ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவான். நான் பார்த்தது மரியாதையை. "ஹலோ மேடம்" என்றதும் காது கேட்காத மாதிரி போகிறவளை விட்டுவிடுவேன், துரத்தி லாபமில்லை. நின்று, திரும்பி, சிரித்து, "நோ தேங்க்யூ" என்று ஒழுங்காகச் சொல்கிறாளே, அவள்தான் என் சவாரி. பதில் சொல்லப் பழகியவளுக்கு இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லாமல் போகக் கூச்சமாக இருக்கும். மூன்றாவது கேள்வியில் ஆட்டோவில் ஏறிவிடுவாள். பெரியவர்கள் கூப்பிட்டால் நின்று பதில் சொல்லு என்று உன்னை அடித்து வளர்த்தது நாங்கள். நீ நின்றாய். அவ்வளவுதான் நடந்தது.

ஸ்டாண்டில் எல்லோரும் என்னை "பத்து" என்று கூப்பிடுவார்களே, ஏன் என்று சின்ன வயசில் எத்தனை தடவை கேட்டிருப்பாய், பத்தாவது பாஸ் பண்ணினவன் நான் ஒருத்தன்தான் என்று கதை விட்டேன். உண்மையைச் சொல்கிறேன். ஒத்தவாடைத் தெருவில் தங்கியிருந்த கொரியாக்காரப் பையன் ஒருவனைப் புலிக்குகைக்குக் கூட்டிப்போக 300 ரூபாய் வாங்கினேன். நாலு கிலோமீட்டர் இருக்குமா அது? மறுநாள் அவன் அதே வழியில் ஷேர் ஆட்டோவில் நாலு பொம்பளைகளோடு நெருக்கி உட்கார்ந்து போயிருக்கிறான், ஆளுக்குப் பத்து ரூபாய். சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நான் லுங்கியை மடித்துக் கட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. என் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினான், சிரித்தான், போய்விட்டான். அதோடு விட்டானா? ஊரில் இருந்த எட்டு நாளும், எதிரே எங்கே பார்த்தாலும் இரண்டு கையைத் தூக்கிப் பத்து விரல். டீக்கடையில், கோயில் வாசலில், ஒருநாள் நான் அம்மாவோடு ரேஷன் கடை வரிசையில் நின்றபோதுகூட. ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. போலீஸில் மாட்டிவிட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. நான் அன்றைக்கே திருந்திவிட்டேன் என்றெல்லாம் நினைக்காதே, சவாரி 300-லிருந்து 150-க்கு இறங்கியது, அவ்வளவுதான்.

அதற்காக வெளிநாட்டுக்காரர்களுக்குக் கூட்டிச் சொல்கிற எல்லா விலையும் மோசடி என்று நினைத்துவிடாதே. காவ் யாய் காட்டுக்குப் போனபோது நமக்கு ஆளுக்கு 400 பாத், அந்த ஊர்க்காரர்களுக்கு 40 என்று கண்டுபிடித்து நீ எவ்வளவு ஆத்திரப்பட்டாய்! அவர்களுடைய விலையை நமக்குப் புரியாத அவர்கள் ஊர் எண்ணில் எழுதியிருந்ததுதான் உனக்கு அதைவிட எரிச்சல். அது எனக்கும் பிடிக்கவில்லை, பத்து மடங்கு வாங்குகிறவன் நேராக எழுதிவிட்டு வாங்கலாம். ஆனால் அது அரசாங்கம் வைத்த டிக்கெட், ரசீது உண்டு. நம் கடற்கரைக் கோயில் கவுன்ட்டரில் என்ன? நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டுக்காரருக்கு 600. பதினைந்து மடங்கு! இன்னொன்று சொன்னால் நீ நொந்துபோவாய். சார்க், பிம்ஸ்டெக் என்று நம் பக்கத்து நாடுகள் சேர்ந்த கூட்டமைப்புகள் உண்டு, அந்த நாட்டுக்காரர்களுக்கு இந்தியர் விலைதான், தாய்லாந்து பிம்ஸ்டெக்கில் இருக்கிறது. உன் ஆபீஸ் சிநேகிதி மாமல்லபுரம் வந்தால் 40 ரூபாயில் ரதம் பார்ப்பாள். சில இடங்களில் ஒர்க் பெர்மிட்டைக் காட்டினால் ஊர்க்காரர் விலைக்கே விடுகிறார்களாம். கேட்டுப் பார், கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் சண்டை போடாதே.

சண்டை என்றதும் நினைவு வருகிறது. நாங்கள் வந்து இறங்கிய அன்று டாக்சிக்காரர் மீட்டருக்கு மேல் 50 பாத் கேட்டார் என்று நான் குதித்தேனே, அது சரியான காசாம் பாப்பா, விமான நிலையத்தில் சீட்டு எடுத்து ஏறுகிற டாக்சிக்கு அந்த 50 உண்டு, டோல் காசும் நம் தலையில்தான். பாவம், அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். இங்கே ஏமாற்றின எனக்கே அங்கே யார் ஏமாற்றுகிறான், யார் ஏமாற்றவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெருவில் பிடிக்கும் டாக்சிக்கு மட்டும் கதவைத் திறந்ததும் மீட்டர் என்று சொல். முடியாது, 300 கொடு என்றால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. புகார் சொல்ல 1584.

சனாம் லுவாங் மைதானத்தில் ஒருத்தி அம்மா கையில் சோளப் பொட்டலத்தைத் திணித்ததை மறந்திருக்க மாட்டாய். அம்மா ஏதோ கோயில் புண்ணியம் என்று நினைத்துப் புறாவுக்கு இறைத்தாள். பாதிப் பொட்டலம் ஆனதும் அவள் 100 பாத் கேட்டாள். அம்மா சுத்தத் தமிழில் "நான் கேட்டேனாடி உன்னை?" என்று மிச்ச சோளத்தை அவள் கையிலேயே கொட்டிவிட்டு நடையைக் கட்டினாளே. படிப்பு, இங்கிலீஷ் எதுவும் வேண்டாம் இதற்கு. கூச்சப்படாமல் இருந்தால் போதும். அது அம்மாவிடம் நிறைய இருக்கிறது, உன்னிடம் இல்லை, என் பக்கத்து ரத்தம்.

பெரிய தொகை ஒரேயடியாகப் போனால் தெரியும், மாசாமாசம் கசிவது தெரியாது. உன் அபார்ட்மென்ட்டில் கரன்ட்டுக்கு யூனிட் 8 பாத் வாங்குகிறார்கள் என்றாய். அங்கே மின்வாரியம் வீட்டுக்கு வாங்குவது சுமார் நாலு பாத்தான். நம் மெட்ராஸ் வீட்டுக்காரர்கள் செய்கிற அதே வேலை. அடுத்த வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால், பில் வாரியத்திடமிருந்து நேராக என் பேருக்கு வருமா என்று கேள். உள்ளே போகும் முதல் நாளே சுவர், தரை, பாத்ரூம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வை, காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைக்க மாட்டார்கள். பட்டயாவில் தண்ணீர் ஸ்கூட்டர் எடுத்தாலும் இதே கதைதான், பழைய கீறலுக்கு உன்னிடம் காசு கேட்பார்கள், கரையிலேயே வீடியோ எடு, பாஸ்போர்ட்டை எவனிடமும் அடகு மாதிரி கொடுத்துவிட்டு வராதே. ஏடிஎம்மில் நம் ஊர் கார்டைப் போடும்போது ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு, அதில் அவர்கள் போடுகிற ரேட்டு வேறு. ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் எப்படியும் போகும், அதனால் அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடு.

இப்போது மோதிரம். கல் அநேகமாகப் போலியாக இருக்காது, அங்கே பெரும்பாலும் உண்மையான நீலக்கல்லைத்தான் கொடுப்பார்கள், மட்டமான கல்லுக்குப் பல மடங்கு விலை, அதுதான் வித்தை. சீலோம் பக்கம் ஜிஐடி என்று தாய்லாந்தின் ரத்தினப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்குத்தான் எப்படியும் அந்தப் பக்கம் போவாயே, அங்கே கொடுத்துச் சான்றிதழ் வாங்கு. பில், கார்டு சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு சுற்றுலாப் போலீசுக்குப் போ, நம்பர் 1155, இங்கிலீஷில் பேசுவார்கள். கார்டில் கட்டியிருந்தால் பேங்குக்கும் எழுது. முழுசாக வராது. போலீஸ் கூப்பிட்டதும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிற கடைகள் உண்டு, கொடுக்காமல் கையை விரிக்கிற கடைகளும் உண்டு. தனியாகக் கடைக்குப் போய் நிற்காதே, ஆபீஸில் அந்த ஊர்ப் பெண் யாரையாவது கூட்டிப்போ, அவர்கள் பாஷையில் ஒருத்தி பேச ஆரம்பித்தால் கடைக்காரன் முகம் மாறுவதை நீயே பார்ப்பாய். எங்கள் ஸ்டாண்டிலும் வெள்ளைக்காரி தமிழ் பேசினால் பாதி விலை.

அம்மா பக்கத்தில் நின்று ஒன்று எழுதச் சொல்கிறாள். கடையில் பணம் தராவிட்டால் மோதிரத்தை வந்த விலைக்கு விற்றுத் தொலைத்துவிடாதே, போட்டோவில் கலர் நன்றாகத்தான் இருக்கிறதாம், அவள் நடுவிரலுக்கு வருமா என்று அளவு கேட்கிறாள்.

அப்பா